புகையிலைத் தறைக்கு மண், இலை, தண்ணீர்ப் பரிசோதனை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

புகையிலைத் தறையில் (பயிர் நிற்கும் தோட்டத் துண்டில்) நஞ்சு மருந்தின் எச்சமும் பார உலோகமும் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அறிய மூன்று வழிகள் உண்டு. வீட்டிலேயே சாற்றில் தோய்த்துப் பார்க்கும் கீற்று, கையில் பிடித்து மண்ணில் வைக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி, மாதிரி கட்டிக் கொழும்புக்கு அனுப்பும் ஆய்வுகூடச் சேவை. முதல் இரண்டுக்கும் புகையிலைக்காகக் காசு செலவழிக்க வேண்டாம். மூன்றாவதுக்குச் செலவழிக்கலாம். ஆனால் ‘முழுப் பொதி’ என்று நீட்டுவதை அப்படியே வாங்கினால் பாதிக் காசு தேவையில்லாத எண்களுக்குப் போய்விடும். உண்மையில் தேவையான சில பரிசோதனைகள் அந்தப் பொதிக்குள் இருக்கவும் மாட்டா.

புகையிலைக்கு மட்டும் ஏன் இந்தக் கவனம் என்றால், அது கட்மியம் என்ற நச்சுப் பார உலோகத்தை இலைக்கு ஏற்றுகிற பயிர். பெரும்பாலான பயிர்களில் கட்மியத்தின் பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும். புகையிலையில் அது இலைக்குப் போய்ச் சேருகிறது, அதிலும் மண்ணோடு ஒட்டிய அடியிலைகளில்தான் கூடுதலாக. இந்த வருடம் புகையிலை நின்ற, யாழ்ப்பாணத்து இணுவில், ஏழாலை, குப்பிழான் செம்மண் தறையில் அடுத்து வருவது வெங்காயம், உருளைக்கிழங்கு, பீற்றூட், கீரை. அதன் கீழே சுண்ணக்கல். சுண்ணக்கல் வெடிப்புக்குள்ளால் இறங்குவது அதே காணியின் கிணற்றுக்கு. ஆகவே பரிசோதனையின் கேள்வி புகையிலைச் சிப்பம் என்ன விலை போகும் என்பதோடு முடிவதில்லை.

கீற்றுப் பரிசோதனை

மலிவு, சில நிமிடங்களில் நிறம் காட்டும். அது பார்ப்பது ஒன்றே ஒன்றை: கொலினெஸ்திரேஸ் என்ற நொதியம் தடைப்படுகிறதா என்று. அந்த நொதியத்தைத் தடுப்பவை ஓகனோபொஸ்பேற், காபமேற் என்ற இரண்டு கூட்ட மருந்துகள். வெண்ஈக்கும் அழுக்கணவனுக்கும் அடிக்கும் இமிடாக்குளோபிரிட், தயோமெதொக்சாம் இரண்டும் அதில் படாது. அபமெக்டின் படாது. பங்கசுநாசினியும் களைநாசினியும் படவே படாது. ஓகனோபொஸ்பேற் கூட்டத்திலேயே குளோர்பைரிபொஸ் போன்றவை, ஒட்சியேற்றம் அடையும்வரை நொதியத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஒட்சியேற்றும் படி இல்லாத கீற்று அவற்றுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லும். போதாக்குறைக்குப் புகையிலைச் சாறு காற்றுப் பட்டதும் கபில நிறமாகிவிடும், அதற்குள் இளநீல மாற்றத்தைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். மரக்கறியில் ஒரு முதற்பார்வைக்கு இது உதவலாம். புகையிலைக்கு வேண்டாம்.

கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி

நகைக்கடையில் பொன்னின் மாற்றுப் பார்க்கும் கருவியின் மண் வடிவம் இது. ஈயம், செப்பு, நாகம் (துத்தநாகம்) ஆகியவற்றைக் கிலோவுக்கு 10, 20 மில்லிகிராம் மட்டத்திலிருந்து நம்பத்தக்க அளவில் சொல்லும். கட்மியத்துக்கு அதன் கண்ணில் படும் அடிமட்டமே ஏறத்தாழ 10 மி.கி. நாங்கள் தோட்ட மண்ணில் தேடுவது 0.1 முதல் 1 மி.கி. வரையானது. அதாவது மண் பலமடங்கு கெட்டுப்போன பிறகுதான் கருவி பேசத் தொடங்கும். ஈயத்தின் ஒரு கோடும் ஆசனிக்கின் பிரதான கோடும் ஏறக்குறைய ஒரே சக்தியில், 10.5 கிலோ-இலத்திரன்வோல்ற்றில், விழுகின்றன; ஈயம் கூடிய மண்ணில் இந்தக் கருவி காட்டும் ஆசனிக் எண்ணை நம்பக்கூடாது. ஈர மண்ணில் எல்லா எண்ணும் குறைந்தே வரும்.

ஒரேயோர் இடத்தில் இதற்குப் பெறுமதி உண்டு: வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட காணிகள். பழைய வாகனக் கொட்டகை, பற்றரி கிடந்த இடம், காவலரண் மண் என்று ஈயம் திட்டுத் திட்டாகக் கிடக்கக்கூடிய நிலத்தில், எந்த மூலையை ஒதுக்குவது என்று அரைநாளில் வரைந்து காட்டிவிடும். அந்த வேலைக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

ஆய்வுகூடச் சேவை

இங்கேதான் விசயம் இருக்கிறது. கட்டணப் பட்டியலை வாங்கியதும் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, அளவிடக்கூடிய கீழெல்லையை. ‘கட்மியம்: கண்டறியப்படவில்லை’ என்ற வரி, எந்த எல்லைக்குக் கீழே என்று சொல்லாவிட்டால் வெறும் மை. கணக்கு இப்படி: அரைக் கிராம் மண்ணை அமிலத்தில் செரித்து 50 மில்லிலீற்றராக்கினால் அது நூறு மடங்கு ஐதாகிறது. சுவாலை முறை அணு உறிஞ்சல் கருவி லீற்றருக்கு 0.01 மி.கி. கட்மியத்தைக் காணும் என்றால், மண்ணில் அது கிலோவுக்கு 1 மி.கி. ஆகும். அதற்குக் கீழே முழுக்க ‘இல்லை’. காரீயச் (கிராபைற்) சூளை முறையோ, மூலகங்களைத் திணிவால் பிரித்து எண்ணும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியோ இருந்தால் 0.05 அளவுக்கும் கீழே போகலாம். கட்மியத்துக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். செப்பு, நாகத்துக்குச் சுவாலை முறையே போதும். அதற்குக் கூடுதலான காசு கொடுக்கத் தேவையில்லை.

ஐ.சி.பி.-எம்.எஸ். என்றதும் நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. அந்தக் கருவி ஆசனிக்கைத் திணிவு 75இல் எண்ணுகிறது. கருவிக்குள் ஓடும் ஆகன் 40, மாதிரியில் உள்ள குளோரின் 35. இரண்டும் சேர்ந்தால் அதே 75. உவர்க் கிணற்றால் இறைத்த தறையின் மண்ணிலும், அங்கே விளைந்த இலையிலும் குளோரைட்டு நிறைய உண்டு. கீலியம் வாயு செலுத்தும் மோதல் கலம் இல்லாமல் ஓட்டினால் இல்லாத ஆசனிக் அறிக்கையில் தோன்றும். கரையோரக் காணிக்காரர், தீவகத்தார் இதை எழுதியே கேட்க வேண்டும்.

மண்ணுக்கு ‘மொத்த உலோகம்’ ஒன்றை மட்டும் வாங்குவதும் போதாது. எங்கள் செம்மண் பெரும்பாலும் காரப் பக்கம் நிற்பது, அடியில் சுண்ணாம்பு. அப்படியான மண் கட்மியத்தைப் பிடித்து வைத்திருக்கும். மொத்தம் ஒரே அளவாக இருந்தாலும் அமில மண்ணில் போல அது பயிருக்கு ஏறாது. பயிருக்கு ஏறக்கூடிய பங்கைக் காட்டுவது, உலோகத்தைப் பற்றி இழுக்கும் டி.டி.பி.ஏ. என்ற இரசாயனத்தின் கரைசலால் செய்யும் பிரித்தெடுப்பு: 10 கிராம் மண், 20 மில்லிலீற்றர் கரைசல், பி.எச். 7.3, இரண்டு மணிநேரக் குலுக்கல். 1978இல் லின்ட்சே, நோவெல் என்ற இருவர் சுண்ணாம்பு மண்ணுக்கென்றே வகுத்த முறை இது. நாகம், செப்பு, இரும்பு, மங்கனீசுக்கு வகுத்ததாயினும் கட்மியத்துக்கும் பயன்படுகிறது. கட்டணமும் மொத்தச் செரிப்பை விடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், அமிலச் செரிப்பு இல்லையே.

அதோடு கிணற்றுத் தண்ணீரின் குளோரைட்டு. மிகச் சாதாரணமான பரிசோதனை, பொதிகளில் பெரும்பாலும் குடிநீர்ப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும். குளோரைட்டு கட்மியத்தோடு சேர்ந்து அதை மண்ணின் பிடியிலிருந்து கழற்றி வேருக்கு ஓடவிடுகிறது. சுண்ணாம்பு மண் தருகிற பாதுகாப்பை உவர்த் தண்ணீர் பறிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இலையில் குளோரைட்டு 2 சதவீதம் தாண்டினால் சுருட்டு ஒழுங்காக எரியாது என்பதும் இதோடு சேர்ந்த நட்டம். அதே போத்தலில் நைத்திரேற்றையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லை லீற்றருக்கு 50 மி.கி. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் இந்த எல்லை மீறுவது பலகாலமாக அறிந்த பிரச்சினை.

நஞ்சு எச்சப் பொதியின் ஓட்டை

‘முந்நூறு மருந்துகள் ஒரே பரிசோதனையில்’ என்று விளம்பரம் செய்வது பல்லெச்ச முறை. இரண்டு கிராம் காய்ந்த இலைத்தூள், ஊற வைக்கத் தண்ணீர், அசற்றோநைத்திரைல், உப்புகள், பிறகு துப்புரவுத் தூள், பிறகு திணிவு நிறமாலைக் கருவி. 2003இல் வெளியான கெச்சர்ஸ் என்ற முறையின் புகையிலை வடிவம். நல்ல முறைதான். ஆனால் மன்கோசெப் என்ற பங்கசுநாசினி அதில் வராது. மழைக்குப் பிறகு யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் தாராளமாக அடிபடுகிற அந்த மருந்து தண்ணீரிலும் கரையாது, அந்தக் கரைப்பானிலும் கரையாது. அதை அமிலத்தில் சூடாக்கி வெளிவரும் காபன் இருசல்பைட்டாகத்தான் அளக்கலாம். அது தனிக் கட்டணம். கிளைபொசேற், பரகுவாற்று, பக்கத் தளிர் அடக்கப் பயன்படும் மலெயிக் ஹைட்ரசைட் மூன்றும் அதேபோலத் தனித்தனி. முந்நூறில் இவை நான்கும் இல்லாமல், இலங்கையில் விற்காத பல பெயர்கள் இருக்கும்.

எனவே பட்டியலைத் தலைகீழாக ஆக்க வேண்டும். அந்தப் பருவத்தில் அந்தத் தறையில் அடித்த மருந்துகளின் வெற்றுப் போத்தல், பைக்கற்று லேபல்களைப் படம் எடுத்து, செயற்படு பொருளின் பெயர்களை எழுதி, ‘இவை உங்கள் முறையில் வருகின்றனவா’ என்று கேட்பது. பக்கத்துத் தறைக்காரர் அடித்ததையும் சேர்க்க வேண்டும், காற்று வேலி பார்க்காது. பழைய தோட்டக்காணி என்றால் முன்னைய காலத்துப் பூச்சிநாசினிகளான டி.டி.ற்றி., அதன் சிதைவான டி.டி.ஈ., டீல்ட்ரின் ஆகியவற்றை மண்ணில் ஒருமுறை பார்த்துவிடலாம். டி.டி.ஈ. கூடி டி.டி.ற்றி. குறைந்திருந்தால் அது பழைய எச்சம். மறுபக்கமாக இருந்தால் யாரோ அண்மையில் பாவித்திருக்கிறார்கள்.

புகையிலை ஆய்வாளருக்குத் தொல்லையான பண்டம் என்பதையும் கவனிக்க வேண்டும். நிக்கொற்றின், பிசின், நிறப்பொருள் எல்லாம் கருவியின் சமிக்ஞையை அமுக்கும். நல்ல ஆய்வுகூடம் மருந்தில்லாத புகையிலைச் சாற்றிலேயே ஒப்பீட்டுக் கரைசல் தயாரிக்கும்; தெரிந்த அளவு மருந்தை இலைத்தூளில் கலந்து எத்தனை சதவீதம் திரும்பி வந்தது என்றும் அறிக்கையில் எழுதும். 70 முதல் 120 வரை ஏற்கலாம். உலோகத்துக்கு, போலந்தில் தயாரித்த வேர்ஜினியாப் புகையிலை இலைத் தரமாதிரி போன்ற ஒன்றைச் சேர்த்து ஓட்டினார்களா என்று கேளுங்கள். ஆய்வுகூடத் தகைமைக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் தண்ணீருக்கு இருந்து இலைக்கு இல்லாமலும் இருக்கலாம். அங்கீகாரச் சான்றிதழின் இணைப்பில் பண்டத்தின் பெயரும் பரிசோதனையின் பெயரும் வரிவரியாக இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும், முகப்பு முத்திரையை அல்ல.

மாதிரி எடுக்கும்போது கெடுவது

பல அறிக்கைகள் ஆய்வுகூடத்துக்குப் போகுமுன்னரே கெட்டுவிடுகின்றன. மண்ணுக்கு ஒரு தறையில் 15 முதல் 20 இடத்தில், வளைந்து வளைந்து நடந்து, 15 சதமமீற்றர் ஆழம்வரை ஒரே தடிப்பாக எடுத்து, பிளாஸ்ரிக் வாளியில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி, அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். மருந்து கலக்கும் கிணற்றடி, எருக்கும்பி, தகரக் கூரையின் தாழ்வாரத் தண்ணீர் விழும் வரிசை, வீதியோரம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். சந்தேகம் இருந்தால் அவற்றைத் தனி மாதிரியாக எடுக்கவும். நாகம் பூசிய வாளியும் மண்வெட்டியும் நாகத்தையும் அதோடு கட்மியத்தையும் சேர்த்துக் கொடுக்கும். துருப்பிடிக்காத உருக்கு அகப்பை அல்லது மரத்துண்டு போதும்.

ஒரே மண்ணை இரண்டாகக் கட்ட வேண்டும். உலோகத்துக்குப் பொலித்தீன் பை, நிழலில் உலர்த்தியது. நஞ்சு எச்சத்துக்குக் கண்ணாடிப் போத்தல் அல்லது அலுமினியத் தாள், உலர்த்தாமல் உறையவைத்தது. வெயிலில் உலர்த்திய மண்ணில் மருந்தின் ஒரு பங்கு ஆவியாகவும் சிதைந்தும் போய்விட்டிருக்கும், அறிக்கை அழகாக வரும். பஸ்ஸில் அனுப்பினால் ரெஜிபோம் பெட்டியும் ஐஸ் பொதிகளும். வெள்ளிக்கிழமை அனுப்பக்கூடாது, சனி ஞாயிறு யாரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். தண்ணீரில் உலோகம் பார்க்கப் பொலித்தீன் போத்தலும் ஆய்வுகூடம் தரும் நைத்திரிக் அமிலமும் தேவை, பி.எச். 2க்குக் கீழே இறங்க வேண்டும். அமிலம் விடாத போத்தலில் ஈயம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றுக்கு அமிலம் விடாத வேறு போத்தல்.

இலைக்கு அடி, நடு, நுனி மூன்றையும் தனித்தனியே கட்ட வேண்டும். மூன்றையும் கலந்தால் அடியிலையின் எண் மறைந்துவிடும். புகையிலை இலையின் மேற்பரப்பை விரலால் தடவினால் பிசுபிசுக்கும்; நுண்மயிரின் நுனியில் ஊறும் பிசின் அது. செம்புழுதி அதில் படிந்தால் ஊதினாலும் போகாது, வெள்ளைக் கடதாசியில் அழுத்தி எடுத்தால் சிவந்த தடம் விழும். அந்தப் புழுதியின் ஈயமும் இலையின் ஈயமாகக் கணக்காகும். இதைக் கண்டுபிடிக்க இலையில் இரும்பையும் அலுமினியத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது. இரண்டும் மிதமிஞ்சி இருந்தால் ஈயத்தின் ஒரு பங்கு புழுதியினது. உலோகத்துக்கான இலையைக் கனியமகற்றிய நீரில் அலசலாம். நஞ்சு எச்சத்துக்கான இலையை ஒருபோதும் அலசக்கூடாது.

அறிக்கையை வாசிக்கும்போது

முதலில் பார்க்க வேண்டியது பச்சை நிறையா, காய்ந்த நிறையா என்பது. பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். அதே இலை காய்ந்ததும் எண் ஐந்து மடங்குக்கு மேல் ஏறும்.

நஞ்சு எச்சத்துக்கு ஒப்பிட உகந்தது, பிரான்சின் பரிஸ் நகரைத் தளமாகக் கொண்ட கொரெஸ்டா என்ற புகையிலை ஆய்வு அமைப்பு வெளியிடும் வழிகாட்டு எச்ச அளவுகள். அவை பதனிட்ட இலைக்கு உரியவை. சட்ட எல்லை அல்ல. கிலோவுக்கு மில்லிகிராமில் குளோர்பைரிபொஸ் 0.5, இமிடாக்குளோபிரிட் 5, மன்கோசெப் அடங்கிய டைதயோகாபமேற் கூட்டம் காபன் இருசல்பைட்டாக 5, மலெயிக் ஹைட்ரசைட் 80. உலோகத்துக்கு, வாயில் போடும் புகையிலை என்பதால், சுவீடிஷ் மெட்ச் என்ற சுவீடன் நிறுவனம் தன் வாய்ப்புகையிலைக்கு வகுத்த கோத்தியாடெக் தரம் பொருத்தம்: கட்மியம் 0.5, ஈயம் 1.0, ஆசனிக் 0.25. இது பாதி ஈரமுள்ள பண்டத்துக்கு, காய்ந்த இலையோடு ஒப்பிட இரட்டிப்பாக்க வேண்டும். மண்ணுக்கு ஐரோப்பாவின் 1986ஆம் ஆண்டுக் கழிவுச்சேற்றுப் பணிப்புரை ஓர் அளவுகோல் தருகிறது: கட்மியம் 1 முதல் 3, ஈயம் 50 முதல் 300, செப்பு 50 முதல் 140. இந்த எல்லைகளுக்குள் எல்லா எண்ணும் வந்தாலும் நிக்கொற்றினும், புற்றுநோய் தரும் நைத்திரசமைனும் அங்கேயேதான் இருக்கின்றன. நல்ல அறிக்கையைப் புகையிலைக்கான நற்சான்றிதழாகக் காட்டி விற்பது நேர்மையல்ல. பொச்சும் ஊமலும் எரித்துப் புகை போட்ட இலையில் பென்சோபைரீன் என்ற புற்றுநோய் தரும் பொருளும் சேரும், அது எந்தச் சாதாரணப் பொதியிலும் இல்லை.

உலோகப் பரிசோதனையை வருடாவருடம் செய்யச் சொல்லும் சந்தா வகைகளை வாங்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்றைய எல்லை ஒரு கிலோ பொசுபரசு ஐந்தொட்சைட்டுக்கு 60 மி.கி. கட்மியம். 46 சதவீத முச்சுப்பர்பொசுபேற்று ஒரு கிலோவில் அந்த எல்லையில் 27.6 மி.கி. ஒரு பரப்புக்கு (யாழ்ப்பாணக் காணி அளவு, ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) 5 கிலோ போட்டால் 138 மி.கி. அந்தப் பரப்பில் 15 சதமமீற்றர் மண்ணின் நிறை 50 தொன்னுக்கு மேல். கிலோவுக்கு ஏறுவது 0.003 மி.கி.கூட இல்லை, எந்தக் கருவியும் ஒரு வருடத்தில் அதைக் காட்டாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் கோழியெருவோ நகரசபைக் கூட்டெருவோ லொறிக் கணக்கில் இறக்கினால், தறையில் பரப்புமுன் அந்த எருவையே ஒருமுறை பரிசோதியுங்கள்: கோழியெருவில் செப்பும் நாகமும், நகரக் கூட்டெருவில் ஈயமும்.

காய்ந்த இலையில் கட்மியம் கிலோவுக்கு 1 மி.கி. என்றால், 100 கிலோ இலை 100 மி.கி.யை வெளியே கொண்டுபோகிறது. கழித்துவிட்ட அடியிலையையும் தூளையும் எருக்கிடங்கில் போட்டுத் திரும்பத் தறைக்கே கொண்டுவந்தால் அந்தக் கணக்கு நிமிராது. டி.டி.பி.ஏ. எண் கூடியிருந்தால் குளோரைட்டுப் பொட்டாசைவிட்டு சல்பேற்றுப் பொட்டாசுக்கு மாறுவது, குழையும் மாட்டெருவும் தாட்பது, நாகக் குறைபாடு இருந்தால் நாக சல்பேற்று இடுவது, கீரையைத் தள்ளி வைப்பது. சுண்ணாம்பு போடச் சொல்லும் பொதுவான ஆலோசனை அமில மண்ணுக்கு உரியது, இங்கே வேலை செய்யாது.

சேவையைச் சோதிக்க ஒரு மாதிரியை இரண்டாகப் பிரித்து வேறு வேறு பெயரில் அனுப்புங்கள். ஒரு மாதிரிக் கட்டணம் கூடும், ஆனால் மற்ற எல்லா எண்ணின் நம்பகமும் அதில் தெரிந்துவிடும். இரண்டு எண்களும் 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் மறுபடி ஓட்டித் தரச் சொல்லலாம். அதற்காக உலர்த்திய மண்ணில் அரைக் கிலோவையும், உறையவைத்த இலையில் ஒரு பங்கையும், திகதியும் தறையின் பெயரும் பென்சிலால் எழுதி வீட்டில் வைத்திருக்க வேண்டும். பேனை மை ஈரத்தில் அழியும்.